பட்டப் படிப்பில் பொருளியலும் துணைப் பாடமும்

சென்ற ஆண்டு கல்லூரிச் சேர்க்கை நடைபெற்றுக்கொண்டிருந்த நாட்களில், நம் வட்டாரத்து உழவர் ஒருவர் அலுவலகத்திற்கு வந்தார். பண்ணைக் குட்டைக்குரிய மானியத்தைப் பற்றிக் கேட்க வந்தவர், எழுந்து செல்லுமுன் வேறொரு செய்தியைத் தயக்கத்துடன் தொடங்கினார். அவருடைய மகளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. இரண்டிலும் பி.ஏ. பொருளியல் வகுப்பே. ஒரு கல்லூரி ஊரிலிருந்து எட்டுக் கிலோமீட்டர். மற்றொன்று நாற்பது கிலோமீட்டர். அருகிலுள்ளதில் பொருளியலுக்குத் துணைப் பாடம் வரலாறு. தொலைவிலுள்ளதில் புள்ளியியலும் கணிதமும். "இரண்டும் ஒரே பட்டந்தானே, ஐயா? பெண் பிள்ளை நாற்பது கிலோமீட்டர் ஏன் போய்வர வேண்டும்?" என்பது அவர் வினா.

நியாயமான வினாவே. பட்டத்தின் பெயர் இரண்டு கல்லூரிகளிலும் ஒன்றுதான். ஆயினும் படிப்பு ஒன்றன்று என்பதை அவருக்கு எடுத்துரைக்க நமக்கு அன்று ஒரு மணி நேரம் ஆயிற்று. ஊராட்சி மன்ற உறுப்பினர்களிடம் இத்தகைய வினாவோடு வரும் பெற்றோர் பலர் என்பதால், அன்று சொன்னவற்றையும் சொல்ல விட்டவற்றையும் சேர்த்து இங்கு எழுதுகிறோம்.

நம் மாநிலத்துக் கலைக் கல்லூரிகளில் மொழிப் பாடம், ஆங்கிலம் ஆகிய இரு பகுதிகளுக்கு அடுத்து, மூன்றாம் பகுதியாக அமைவது முதன்மைப் பாடம். அதனோடு இணைத்து, முதலாண்டிலோ முதல் இரண்டு ஆண்டுகளிலோ, வேறொரு துறைப் பாடமும் கற்பிக்கப்படுகிறது. மாணவர்கள் இதனை 'அலைடு' என்பர். பெரும்பாலான கல்லூரிகளில் துணைப் பாடம் இன்னதென்று முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். மாணவர் விரும்பியதை எடுத்துக்கொள்ள இயலாது. ஆதலின் துணைப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது, உண்மையில், கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதேயாகும். இதனை அறியாமல் விண்ணப்பம் போட்டுவிட்டு, வகுப்பில் அமர்ந்தபின் அறிந்துகொள்வோரே மிகுதி. கர்நாடகம், ஆந்திரம் ஆகிய அண்டை மாநிலங்களில் வரலாறு, பொருளியல், அரசியல் என்னும் மூன்றையும் சமமாக வைத்துக் கற்பிக்கும் முறை நெடுங்காலம் வழக்கத்தில் இருந்து வந்தது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தில் தத்துவம், அரசியல், பொருளியல் மூன்றையும் ஒரே பட்டத்தில் அடக்கிய படிப்பு 1920-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. பொருளியலைத் தனித்து விடாமல் மற்றொன்றோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று.

ஏன் அவ்வாறு சேர்க்க வேண்டும்? நூல்களிலிருந்து விடை கூறுவதினும் நம் வயலிலிருந்தே கூறுவது எளிது.

கல்லூரியில் நாம் பொருளியல் பயின்றபொழுது புள்ளியியல் நமக்குத் துணைப் பாடம். தேறினாற் போதும் என்ற அளவிலேயே அதனைப் படித்தோம். தேர்வு முடிந்த மாலையே மறந்தும் விட்டோம். அதன் பொருள் நமக்கு விளங்கியது பல ஆண்டுகள் கழித்து, ஒரு சம்பா அறுவடையின்போது, வரப்பின் மேல் நின்ற பொழுதுதான். அன்று அவ்வூரில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடந்தது. பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் பரிசோதனை அது. ஊரார் இரு கட்சியாய் நின்றனர். நன்றாக விளைந்த வயலில் அறுத்தால்தான் ஊருக்குப் பெருமை என்றார் ஒரு பெரியவர். இளைஞர் சிலரோ, பட்டுப்போன வயலைக் காட்டி, "இங்கே அறுங்கள், அப்பொழுதுதான் பணம் வரும்" என்றனர். பரிசோதனைக்கு வந்த அலுவலர் இரண்டு வயல்களையும் விடுத்து, தம் தாளிலிருந்த சர்வே எண்ணைத் தேடிக்கொண்டு நடந்தார். அவர் யாருக்கோ வேண்டியவர் என்று இரு கட்சியாரும் ஐயுற்றனர்!

அவர் செய்தது இதுதான். வயலைத் தம் விருப்பப்படி எடுக்காமல், சீட்டுக் குலுக்குவது போன்ற சமவாய்ப்பு முறையில் முன்னரே குறிக்கப்பட்ட எண்ணை எடுத்துக்கொண்டார். அவ்வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து, அதே முறையில் கிடைத்த எண்ணளவு அடிகள் எடுத்துவைத்து ஓரிடத்தை அடைந்தார். அங்கு முளையடித்துக் கயிறு கட்டி, ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் கொண்ட சதுரத்தை அறுத்து, அடித்துத் தூற்றி நிறுத்தனர். இருபத்தைந்து சதுர மீட்டரில் கிடைத்த எடையை 400-ஆல் பெருக்கினால் ஓர் எக்டேர் விளைச்சல் வரும். இம்முறையை 1940-களில் நம் நாட்டில் சீர்படுத்தி நிலைநாட்டியவர்கள் பி. வி. சுகாத்மே, வி. ஜி. பான்சே ஆகிய புள்ளியியல் அறிஞர்கள். வங்காளத்தில் மகலனோபிஸ் இதே துறையில் பெரும் பணி ஆற்றினார்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் ஊரில் நான்கு பரிசோதனைகள் நடந்தன என்றும், முறையே 14, 12, 9, 13 கிலோ கிடைத்தது என்றும் கொள்வோம். கூட்டுத் தொகை 48, சராசரி 12. அதாவது எக்டேருக்கு 4,800 கிலோ. அவ்வூருக்குக் குறிக்கப்பட்ட உத்தரவாத மகசூல் 4,500 கிலோ எனில், இழப்பீடு இல்லை. ஒன்பது கிலோ விளைந்த வயலுக்குரியவர் எக்டேருக்கு 3,600 கிலோவே பெற்றார்; அவருக்கும் இல்லை. மாறாக, ஊர்ச் சராசரியே 9 கிலோ எனில் குறைவு 900 கிலோ. 4,500-இல் அது ஐந்தில் ஒரு பங்கு. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 35,000 ரூபாய் என்றால், காப்பீடு செய்த ஒவ்வொருவர்க்கும் ஏக்கருக்கு 7,000 ரூபாய் கிடைக்கும். நன்றாக விளைந்தவர்க்கும் அதே தொகைதான். (இவை விளக்கத்திற்காக நாம் எடுத்துக்கொண்ட எண்களே. அறிவிக்கையிலுள்ள எண்கள் பயிருக்கும் இடத்திற்கும் ஏற்ப மாறும். குறிப்பிட்ட சில இடர்களுக்குத் தனி வயல் மதிப்பீடும் உண்டு. செயற்கைக்கோள் படங்களின் உதவியும் இக்காலத்தில் சேர்க்கப்பட்டு வருகிறது.)

"என் வயல் அழிந்தது, எனக்கு ஏன் தரவில்லை?" என்று கிராம சபையில் எழும் கூக்குரலுக்கு இரண்டு விடைகள் வேண்டும். முதல் விடை பொருளியலினுடையது. ஒவ்வொரு வயலையும் தனித்தனியே சென்று பார்ப்பதென்றால், அதற்காகும் செலவே இழப்பீட்டை விழுங்கிவிடும். அன்றியும், தம் வயல் குறைவுக்குத் தமக்கே பணம் வரும் என்றால், களை எடுக்காமல் விட்டுவிட எவர்க்கும் ஆசை பிறக்கும். ஊர்ச் சராசரியை வைத்துக் கொடுக்கும்போது, உழைத்தவர் அதிகம் விளைத்தது அவருக்கே நிற்கிறது. இரண்டாம் விடை புள்ளியியலினுடையது. நான்கு சதுரங்கள் ஓர் ஊருக்காகப் பேசுவது எப்படி? யாருடைய விருப்பமும் கலவாமல் அவை எடுக்கப்பட்டன என்பதாலேயே அவற்றின் பேச்சுக்கு மதிப்பு. பெருமைக்காக நல்ல வயலைக் காட்டினாலும், பணத்திற்காகக் கெட்ட வயலைக் காட்டினாலும் அம்மதிப்பு போய்விடும். அதே சமயம், நான்கு என்பது சிறிய எண். வயலுக்கு வயல் விளைச்சல் பெரிதும் மாறும் ஊரில் பிழையும் பெரிதாகும் என்பதையும் அதே பாடந்தான் சொல்லித் தருகிறது. பொருளியல் மட்டும் கற்றவர் முதல் விடையோடு நின்றுவிடுவார். உழவர் கேட்பதோ இரண்டாவதைத்தான். அன்று வரப்பின் மேல் நின்று நாமும் முதல் விடையை மட்டுமே சொன்னோம், ஒருவரும் ஏற்கவில்லை.

இனி வரலாற்றைப் பார்ப்போம். "வரலாறு சேர்த்துப் படித்தால் என்ன பயன்?" என்று அந்த உழவரே கேட்டார். வரலாறு எளிதென்று கருதி அதனைத் தாழ்த்துவது நமக்கு உடன்பாடன்று. 1915-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக் கழகத்திற்கு இந்தியப் பொருளியற் பேராசிரியராக கில்பர்ட் சிலேட்டர் என்னும் ஆங்கிலேயர் வந்தார். இங்கிலாந்தில் உழவர்களின் பொது வயல்கள் வேலியடைக்கப்பட்ட வரலாற்றை ஆராய்ந்து 1907-இல் நூல் வெளியிட்டவர் அவர். பழைய ஏடுகளில் ஊர் ஊராய்த் தேடிப் பழகிய அக்கண்ணோடு, தம் மாணவர்களை விடுமுறையில் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம் உள்ளது, கடன் எவ்வளவு, கூலி என்ன, என்ன விளைகிறது என்று வினாப்பட்டியல் கொடுத்து எழுதிவரச் செய்தார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம் முதலிய ஊர்களின் ஆய்வு 1918-இல் நூலாயிற்று. 1936-37-இல் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் அவ்வூர்களை மறுபடியும் ஆராய்ந்தனர். பின்னர் வந்த அறிஞர்களும் அவற்றிற்குத் திரும்பத் திரும்பச் சென்றுள்ளனர். இருவேல்பட்டு 2008-ஆம் ஆண்டு வரை ஆராயப்பட்டிருக்கிறது. பெருநிலம் வைத்திருந்தவர்களின் பிடி தளர்ந்ததும், உழவல்லாத வேலைகளைத் தேடிக் கூலி மக்கள் வெளியே சென்றதும், தொண்ணூறு ஆண்டுகளில் ஓர் ஊர் மாறிய விதமும் இவற்றால் தெரிய வருகின்றன. ஓராண்டுக் கணக்கை மட்டும் வைத்திருப்பவர்க்கு இது தெரியாது.

ஊராட்சிக்கும் இத்தகைய கண் தேவைப்படுகிறது. "அந்தக் காலத்தில் கடைமடை வரை தண்ணீர் பாயும்" என்று மன்றக் கூட்டத்தில் பேசுகிறோம். எந்தக் காலத்தில்? எந்த ஆண்டோடு நின்றது? நின்றது வாய்க்கால் தூர்ந்ததாலா, ஆக்கிரமிப்பாலா, மேல்மடையில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகி வாய்க்காலைப் பேணுவார் இல்லாமற் போனதாலா? பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் 'அ' பதிவேட்டையும் அடங்கலையும் வரிசையாக வைத்துப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று ஊரில் இருந்தால், மதிப்பீடு போடுமுன் நாம் பாதி வேலையை முடித்துவிடலாம். எவ்வளவு செலவாகும் என்பதைப் பொருளியல் கூறும். எதற்குச் செலவிட வேண்டும் என்பது சில வேளைகளில் பழைய ஏட்டில்தான் இருக்கும்.

கணிதத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மேற்படிப்பில் பொருளியல் பெரும்பாலும் கணித மொழியிலேயே பேசுகிறது. டெல்லிப் பல்கலைக் கழகத்தில் பி.ஏ. பொருளியல் சிறப்புப் படிப்பில் சேர்வதற்கே பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும். 1998-இல் நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென், கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பொருளியலோடு துணைப் பாடமாகப் படித்தது கணிதமே. 1943-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் மக்கள் மடிந்ததற்கு உணவுக் குறைவைவிட, இருந்த உணவை வாங்கும் வழியை அவர்கள் இழந்ததே முக்கியக் காரணம் என்று கணக்கோடு காட்டியவர் அவர்.

வேலை வாய்ப்பிலும் துணைப் பாடம் குறுக்கிடுகிறது. மைய அரசின் இந்தியப் பொருளியற் பணித் தேர்வுக்குப் பொருளியலில் முதுகலை தேவை. இந்தியப் புள்ளியியற் பணித் தேர்வுக்கோ, புள்ளியியலை ஒரு பாடமாகக் கொண்ட இளங்கலைப் பட்டமே போதும். பொருளியல் மாணவர் ஒருவர்க்கு இரண்டாம் கதவு திறப்பதும் மூடுவதும் அத்துணைப் பாடத்தைப் பொறுத்திருக்கிறது. விண்ணப்பிக்குமுன் அவ்வாண்டின் அறிவிக்கையை வரி வரியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசியல், கணினிப் பயன்பாடு, வணிகவியல் முதலியனவும் சில கல்லூரிகளில் துணைப் பாடங்களாக உள்ளன. கணினிப் பயன்பாடு என்ற பெயரைக் கண்டதும் மயங்கிவிடாமல், அங்கு கணினிகள் எத்தனை, அவை இயங்குகின்றனவா என்று நேரில் பார்த்து வருவது நலம்.

சேர்க்கைக்குச் செல்லும் பெற்றோர் கல்லூரியில் கேட்க வேண்டியவை சிலவே. துணைப் பாடம் எது, எத்தனைப் பருவங்கள், அதற்கென ஆசிரியர் இருக்கிறாரா, பாடத்திட்டத்தின் படி ஒன்று கிடைக்குமா? இவற்றைக் கேட்பதற்குக் கூசவேண்டியதில்லை. பாடத்திட்டம் பல்கலைக் கழகத்தின் இணையதளத்திலும் கிடைக்கும். எடுத்துத் தர ஊராட்சி செயலரைக் கேட்கலாம். பிள்ளைக்குக் கணக்கில் மனம் செல்லாதிருக்க, வேலைக்காகப் புள்ளியியலில் தள்ளுவதையும் நாம் விரும்பவில்லை. அவ்வாறு தள்ளப்பட்ட பிள்ளைகள் தவறிய தாள்களைத் திரும்பத் திரும்ப எழுதுவதைக் கண்டிருக்கிறோம்.

அந்த உழவர் மறுநாள் மகளையும் அழைத்து வந்தார். இரண்டு பாடத்திட்டங்களையும் அப்பெண்ணிடம் கொடுத்தோம். வெளியே மரத்தடியில் அமர்ந்து, அரை மணி நேரம் படித்தாள். "எனக்குக் கணக்கு வரும், ஐயா. வரலாற்றை நானே வாசித்துக்கொள்வேன், இதை ஒருவர் சொல்லித்தர வேண்டும்," என்றாள். தந்தை ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, காலைப் பேருந்து எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். ஏழே முக்காலுக்கு. அதில் ஏறினால் முதல் வகுப்பு தவறிவிடும். முப்பது மணித்துளி முன்னதாக அப்பேருந்தை இயக்க வேண்டும் என்று அவ்வூர்க் கிராம சபை தீர்மானம் இயற்றி, போக்குவரத்துக் கழகத்திற்கு அனுப்பியிருக்கிறது. அதே தடத்தில் கல்லூரி செல்லும் பிள்ளைகள் பக்கத்து ஊர்களிலும் இருப்பதால், மூன்று ஊராட்சிகள் அதனோடு தம் தீர்மானங்களையும் சேர்த்துள்ளன. விடை இன்னும் வரவில்லை. அதுவரை அப்பெண் பால் வண்டியில் கூட்டுரோடு வரை சென்று, அங்கிருந்து பேருந்து ஏறிக் கல்லூரிக்குப் போய்வருகிறாள்.