பிள்ளைகளைச் சிலம்பம், கராத்தே வகுப்பில் சேர்க்கும் முன்



தற்காப்புக் கலை நமக்கு அந்நியமல்ல. நபி (ஸல்) அவர்கள் ருகானாவுடன் மல்யுத்தம் செய்ததாக அறிவிப்பு உண்டு. பெரம்பலூரில் வகுப்பு தேடும் பெற்றோர், பதக்கங்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பணம் கட்டும் முன் ஒருநாள் வகுப்பு முழுவதும் உட்கார்ந்து பாருங்கள்.

சிறு பிள்ளைகளைப் பெரியவர்களோடு மோதவிடுகிறார்களா? தலையில் அடிக்க விடுகிறார்களா? தவறினால் மாஸ்டர் திருத்துகிறாரா, அடிக்கிறாரா?

பெல்ட் தேர்வு, சீருடைச் செலவையும் கேளுங்கள். மக்ரிப் தொழுகை, குனிந்து வணங்கும் வழக்கம் பற்றி முன்பே பேசிவிடுங்கள்.

பெற்றோர் பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள். சேர்ந்த பிள்ளை திடீரென்று போக மறுத்தால், திட்டாமல் காரணம் கேளுங்கள். யாரேனும் துன்புறுத்தியது தெரிந்தால் மறைக்க வேண்டாம், 1098-க்கு அழையுங்கள். பிள்ளைகள் நம்மிடம் உள்ள அமானிதம்.