வசனத்தோடு அதிகாரத்தையும் வாசி, தங்கச்சி

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் கைக்கு வந்த வாக்குத்தத்த அட்டை உன் பைபிளுக்குள் பத்திரமாக இருக்கும். இருக்கட்டும். ஆனால் அட்டையில் அச்சிட்டிருப்பது ஒரே ஒரு வசனம். அது எந்த அதிகாரத்திலிருந்து வந்ததோ, அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து கடைசி வரை ஒரு தடவை வாசித்துவிடு. கால் மணி நேரம்கூட ஆகாது. அக்கா சொல்கிற யோசனைகளில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை, இதை மட்டும் விட்டுவிடாதே.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள். அட்டையிலும் காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அதிகம் காணும் வசனம் அது. தேவன் நம்மைக் குறித்து வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்கிற வாக்கு. அது யாருக்கு எழுதப்பட்டது? கி.மு. 597-ல் ராஜாவோடு சேர்த்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு. எரேமியா எருசலேமில் இருந்துகொண்டு அவர்களுக்கு அனுப்பிய கடிதம்தான் 29-ஆம் அதிகாரம். முந்தைய வசனத்தைப் பார்: எழுபது வருஷம் ஆகும் என்கிறது. முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற ஒருவன், இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று தேவாலயத்தில் எல்லார் முன்பாகவும் சொல்கிறான். கேட்க இனிமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவன் சொன்னது பொய். எழுபது வருஷம் என்றவர்தான் உண்மையைச் சொன்னார்.

அந்த எழுபது வருஷமும் என்ன செய்யச் சொல்கிறார்? வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கும் அந்தப் பட்டணத்தின் நன்மைக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். அந்நிய ஊர், பிடித்துக்கொண்டுபோனவன் ஊர், அதற்காகவும் ஜெபம்! டிரான்ஸ்பர் வந்துவிடும், விசா வந்துவிடும், சொந்த வீடு அமைந்துவிடும் என்று அட்டைப்பெட்டிகளைக்கூடப் பிரிக்காமல் காத்திருக்கிற குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் வருஷங்கள் ஓடிவிடும். 11-ஆம் வசனம் பிடித்தவர்கள் 5, 6, 7-ஆம் வசனங்களையும் கையில் எடுக்க வேண்டும். உன் தெருவில் தண்ணீர் வரவில்லை என்றால் அதற்கும் ஜெபி, வார்டு கவுன்சிலரிடமும் போய்ச் சொல். இரண்டும் அந்த ஏழாம் வசனத்துக்குள் அடக்கம்.

நேரம் இல்லை என்கிறாயா? ஜனவரி 1-ஆம் தேதி ஆதியாகமத்தில் ஆரம்பித்து ஒரே வருஷத்தில் முழு வேதாகமத்தையும் முடிப்பது நல்ல ஆசைதான். கைக்குழந்தை வைத்திருப்பவளுக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகிறவளுக்கும் அது பாரமாகிவிடுகிறது. நீ மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கு. நான்கு சுவிசேஷங்களிலும் சிறியது, 16 அதிகாரம்தான். முதல் அதிகாரத்திலேயே ஆண்டவர் ஜெபாலயத்திலிருந்து நேரே பேதுருவின் வீட்டுக்குள் வருகிறார். அங்கே மாமியார் காய்ச்சலாய்ப் படுத்திருக்கிறாள். நம் வீட்டு உள்ளறை வரைக்கும் வருகிற ஆண்டவர் அவர்.

விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்தால்தான் ஜெபம் என்றும் இல்லை. ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி சகோதரர்களின் தாயார் சூசன்னா 19 பிள்ளைகளைப் பெற்றவர். பாதிப் பேர் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள். ஜெபிக்கத் தனி இடம் கிடைக்காத அந்த வீட்டில் அவர் ஏப்ரனைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், அம்மா ஜெபிக்கிறாள் என்று பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள் என்று சொல்வார்கள். நீயும் உனக்கு வாய்க்கிற இடத்தில், வாய்க்கிற நேரத்தில் உட்கார்.

மனம் உடைந்திருக்கும் நாளில் துதி வராவிட்டால் 13-ஆம் சங்கீதத்தைத் திற. இன்னும் எவ்வளவு காலம் என்று தாவீது தேவனிடமே நாலு தடவை கேட்கிறான். 88-ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால், அழுதுகொண்டே ஜெபிக்க உனக்கும் அனுமதி இருக்கிறது.

குடும்ப ஜெபத்தைச் சுருக்கமாக வை. பரீட்சை நாளில் 117-ஆம் சங்கீதம் போதும், இரண்டே வசனம். பிள்ளைகளையும் ஒரு வரி ஜெபிக்க விடு. பென்சில் தொலைந்ததைப் பற்றி ஜெபித்தாலும் திருத்தாதே. இன்னொன்று, ஜெபத்தைச் சாக்கிட்டு பக்கத்தில் இருப்பவருக்குச் செய்தி சொல்லாதே. ‘ஆண்டவரே, இவருக்குக் கோபத்தைக் குறையும், மருமகளுக்கு நல்ல புத்தியைக் கொடும்’ என்று சத்தமாக ஜெபிக்கிற வீட்டில் யாருக்கும் முழங்கால் போட மனசு வராது. சொல்ல வேண்டியதை நேரில், தனியாகச் சொல்.

லேவியராகமத்தில் வந்துதான் பலர் வாசிப்பை நிறுத்திவிடுகிறார்கள். பலி, எண்ணெய், தோல்வியாதி என்று போவதால் சலிப்பு வரும்தான். அந்தப் புத்தகத்தின் 19-ஆம் அதிகாரத்தை மட்டுமாவது விடாதே. கூலிக்காரன் கூலி உன்னிடத்தில் விடியுமட்டும் தங்கக்கூடாது என்கிறது. வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் ஏழைக்கும் வெளியூர்க்காரனுக்கும் விடச் சொல்கிறது. இதை இன்றைக்கு எப்படிச் செய்வது? சம்பளம் வந்ததும் தசமபாகக் கவரில் பணம் வைப்பதற்கு முன், உன் வீட்டுப் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் சம்பளத்தை எண்ணிக் கையில் கொடு. ‘சில்லறை இல்லை, நாளைக்கு வாங்கிக்கோங்க’ என்று சொல்லாதே. அவர்களுக்கு அன்றைக்கே மளிகைக் கடையில் பாக்கி கட்டவேண்டியிருக்கும். காணிக்கைப் பெட்டி ஒரு நாள் காத்திருக்கும். அதேபோல் கீரை விற்கும் பாட்டியிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசாமல் இருப்பதையும் வயலின் ஓரமாகவே நினைத்துக்கொள்.

துக்க வீட்டுக்குப் போனால் வசனம் சொல்ல அவசரப்படாதே. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியபின்தான் கெடுத்தார்கள், கடைசியில் தேவனிடமே திட்டு வாங்கினார்கள். ‘தேவ சித்தம்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்குப் பதில் பிளாஸ்கில் காபி கொண்டுபோ. கிடக்கிற டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வா.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது இன்னும் ஜாக்கிரதை. ‘உனக்கு விசுவாசம் பத்தலை’ என்ற சொல்லைப்போலக் கொடுமையானது வேறில்லை. பவுல் எத்தனையோ பேரைக் குணமாக்கியவர். அவரே துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்ததாக எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்கு அந்தக் கால வைத்தியம் சொல்கிறார். அவரோடு இருந்த லூக்கா ஒரு வைத்தியர். நம் திருநெல்வேலிச் சீமையில், டோனாவூரில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் 1931-ல் விழுந்து அடிபட்டார். 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். அந்தப் படுக்கையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்?

அதனால் ஜெபக் கூட்டத்துக்குப் போ, கைவைத்து ஜெபிக்கவும் சொல். சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்திவிடாதே.