போதைப்பொருள் சோதனையும் உங்கள் சம்மதமும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், போதைப்பொருள் வைத்திருப்பதாக ஐயுறும் ஒருவரையோ அவரது வாகனத்தையோ மறித்துச் சோதனையிடும் அதிகாரத்தைப் பொலிஸாருக்கு வழங்குவது 1971ஆம் ஆண்டின் போதைப்பொருள் துர்ப்பிரயோகச் சட்டத்தின் 23ஆம் பிரிவாகும். அவ்வதிகாரம் வரம்பற்றதன்று. ஐயத்துக்கு நியாயமான காரணம் இருத்தல் வேண்டும். உங்கள் இனம், வயது, முன்னைய தண்டனை ஆகியவை மட்டும் அக்காரணம் ஆகமாட்டா. கேள்விக்கு விடையளிக்க மறுப்பதும் அவ்வாறே.

சோதனைக்கு முன்னர் உத்தியோகத்தர் தம் பெயர், தாம் சார்ந்த பொலிஸ் நிலையம், தேடப்படும் பொருள், ஐயத்துக்கான காரணம் ஆகியவற்றைக் கூற வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டின் பொலிஸ் மற்றும் குற்றவியல் சான்றுச் சட்டத்தின் விதி. சீருடை அணியாதவராயின் அடையாள அட்டையைக் காட்டவும் வேண்டும். பொது இடத்தில் மேலங்கி, ஜாக்கெட், கையுறை தவிர வேறு ஆடையைக் களையுமாறு பணிக்க இயலாது. உங்கள் பெயரையும் முகவரியையும் இச்சோதனைக்காகக் கூறும் கடப்பாடு உங்களுக்கு இல்லை; வாகனம் ஓட்டுபவர் நிலை வேறு.

இனி, சம்மதம். கேட்டது விளங்காதபோதும் மரியாதை கருதி 'யேஸ், யேஸ்' என்று தலையசைப்பது நம்மவரிடையே காணப்படும் வழக்கம். வீதியில் அத்தலையசைப்பு எதனையும் மாற்றாது: சட்ட அதிகாரம் இல்லாதவிடத்து, நீங்கள் இசைந்தாலும் உங்களைச் சோதனையிடலாகாது என்கிறது பொலிஸாருக்கான நடைமுறைக் கோவை. வீட்டு வாசலிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே உங்கள் சம்மதமே கதவைத் திறந்துவிடும்.

வீட்டைச் சோதனையிடுவதற்குப் பொதுவாக நீதவான் வழங்கிய தேடுதல் ஆணை தேவை. நீங்கள் வீட்டில் இருப்பின் அதனைக் காட்டி, அதன் பிரதியையும் உங்களுக்குத் தர வேண்டும். ஒருவரைக் கைதுசெய்த பின்னர் ஆணையின்றியே நுழையும் அதிகாரங்களும் உள. இவை எவையும் இல்லாதபோது உத்தியோகத்தர் உங்கள் அனுமதியைக் கேட்கலாம். அனுமதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும், கைப்பற்றப்படும் பொருள் சான்றாகலாம் என்பதையும் அவர் முதலில் சொல்ல வேண்டும். இயன்றவரை சம்மதம் எழுத்தில் பெறப்படல் வேண்டும். கையொப்பமிடுமுன் வாசித்து விளங்கிக்கொள்ளுங்கள். விளங்காவிடில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். சோதனை முடியுமுன் சம்மதத்தை மீளப்பெறவும் முடியும். வாடகை அறையில் வசிக்கும் மாணவர்கள் கவனிக்க: நீங்கள் அங்கிருக்கும்போது வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை மட்டும் கொண்டு உங்கள் அறையைச் சோதனையிடலாகாது.

சம்மதம் மறுப்பது உரிமை. சட்டப்படியான சோதனையை வேண்டுமென்றே தடுப்பது குற்றம். இரண்டையும் குழப்பிக்கொண்டு உத்தியோகத்தரின் கையைத் தட்டிவிடுபவர், சோதனையில் எதுவும் அகப்படாதபோதும் வழக்கைச் சந்திக்க நேரிடும். ஆட்சேபத்தை வாயால் சொல்லுங்கள், உடலால் தடுக்காதீர்கள்.

வீதிச் சோதனையின் எழுத்துப் பதிவை 3 மாதங்களுக்குள் கோரிப் பெறலாம். முறைப்பாடு செய்ய எண்ணுவோர் இப்பதிவை முதலில் பெற்றுக்கொள்வது நன்று. அதில் எழுதப்பட்டுள்ள காரணமே பின்னர் ஆராயப்படும்.