ஃப்ரீஸர் பக்கம் போனால் பாக்கெட்டைத் திருப்பிப் பார்!

சாசேஜ் சாப்பிட்டால் கேன்சர் வருமா, கடைச் சிக்கன் 65-க்கு அந்தச் சிவப்பு எதில் வருகிறது, அஜினோமோட்டோ விஷமா என்று ஒரே வாய்ஸ் மெசேஜில் மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். முதல் இரண்டிலும் நீ பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மூன்றாவதில் அவ்வளவாக இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பயந்தால் ரெண்டே வாரத்தில் அலுத்துப்போய், "எதைத்தான் சாப்பிடுறது?" என்று பழையபடி கூடையை நிரப்பிக்கொண்டு வந்துவிடுவாய். அதனால் எதற்கு எவ்வளவு பயப்படலாம் என்று சொல்கிறேன்.

சாசேஜ், சலாமி, ஹாம், பேக்கன் இவைதான் முதலில். 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்களை வைத்துப் பரிசீலித்து, பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் சேர்த்தது. மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று போதுமான ஆதாரம் கிடைத்தவை அந்தப் பிரிவில் வரும். சிகரெட்டும் அதில்தான் இருக்கிறது. உடனே நம் ஆட்கள் "ஒரு சாசேஜ் ஒரு சிகரெட்டுக்குச் சமம்" என்று ஃபார்வர்ட் தட்டிவிட்டார்கள். அந்தப் பிரிவு, ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்கிறது. ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. அதே நிறுவனம் எடுத்துக்காட்டிய மதிப்பீட்டைப் பார்: பதப்படுத்திய இறைச்சியை அதிகம் தின்பதால் உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 34,000 புற்றுநோய் மரணங்கள். புகையிலையால் சுமார் 10 லட்சம்.

தினமும் 50 கிராம் சாப்பிட்டுவந்தால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. நூறில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று இதைப் படிக்கக் கூடாது. நூறு பேரில் ஐந்து பேருக்கு வருகிற ஊர் என்றால், அது ஆறு பேர் ஆகும். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கில் 'தினமும்' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, உன் வீட்டில் அதுதான் உதைக்கிறது. தினமும் இல்லாவிட்டாலும் ஒருநாள் விட்டு ஒருநாள். திங்கள் சாசேஜ், புதன் சலாமி சாண்ட்விச், வெள்ளி மறுபடி சாசேஜ் என்று உன் பையனுடைய டிபன் பாக்ஸ் போகிறது. பாக்கெட்டின் எடையை உள்ளே இருக்கிற எண்ணிக்கையால் வகுத்துப் பார். 50 கிராம் என்பது ஒன்று, ஒன்றரை சாசேஜ்தான்.

"நாங்க சிக்கன்தானே வாங்குறோம்" என்பாய். ஆதாரத்தில் பெரும்பங்கு மாட்டு, பன்றி இறைச்சியை வைத்து வந்தது என்பது உண்மை. ஆனாலும் அந்த முகமையின் விளக்கத்தில் கோழியும் உண்டு. உப்பிட்டோ, புகையூட்டியோ, வேறு வழியில் பக்குவம் செய்தோ நாள்பட வைத்துக்கொள்கிற இறைச்சி எதுவானாலும் பதப்படுத்தியதுதான். அந்தக் கணக்கில் நம் செட்டிநாட்டு உப்புக்கண்டமும் அடக்கம். பாட்டி செய்தது என்பதற்காக அதற்கு விலக்கு தர முடியாது. நல்லவேளை, அதை யாரும் தினமும் தின்பதில்லை.

இப்போது பாக்கெட்டைக் கையில் எடு. முன்பக்கப் படத்தைப் பார்க்காதே. பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் பார். எது அதிக எடையோ அது முதலில், அடுத்தது அதற்குப் பின்னால் என்று இறங்குவரிசையில் போட வேண்டும் என்பது சட்டம். கோழிக்குப் பின்னாலேயே தண்ணீர், எண்ணெய், சோயா புரோட்டீன், ஸ்டார்ச் என்று வந்தால், கோழி விலை கொடுத்து எதை வாங்குகிறாய் என்று உனக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஐ.என்.எஸ். என்று போட்டு எண்கள் வரும். 450, 451, 452 என்பவை பாஸ்பேட்டுகள். கறி தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளச் சேர்ப்பது. கிட்னி பிரச்னை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இந்த மூன்றையும் தவிர்ப்பது நல்லது. 407, 412 என்று இருந்தால் அது பாசியிலிருந்தும் கொத்தவரை விதையிலிருந்தும் எடுக்கிற கெட்டிப்படுத்தும் சரக்கு. அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

நீ தேட வேண்டிய எண் 250. சோடியம் நைட்ரைட். 249, 251, 252 மூன்றும் அதன் சொந்தக்காரர்கள். வீட்டில் கோழியை வேகவைத்தால் வெளுத்துப்போகிறதே, சலாமியும் ஹாமும் மட்டும் என்ன செய்தாலும் ரோஸ் கலரிலேயே இருக்கின்றனவே, ஏன்? நைட்ரைட் கறியின் நிறமியோடு சேர்ந்து அந்த நிறத்தைப் பிடித்துவைக்கிறது. பாட்டுலிசம் என்கிற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமியை வளரவிடாமல் தடுப்பதும் இதுதான். அதனால் 'நைட்ரைட் இல்லாத வீட்டு சலாமி' என்று யூடியூப் பார்த்துச் செய்து மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளாதே. அது இதைவிட ஆபத்து. ஆனால் இதே நைட்ரைட், கறியில் உள்ள புரதப் பொருள்களோடு சேரும்போது நைட்ரோசமைன்கள் உண்டாகின்றன. புற்றுநோய் பயம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. இது வயிற்றுக்குள்ளும் நடக்கும், அதிக சூட்டில் பொரிக்கும்போது வாணலியிலும் நடக்கும். ஆகவே, என்றைக்காவது செய்தாலும் கருகக் கருக வறுக்காதே. தண்ணீரில் கொதிக்கவிட்டு எடுத்து, லேசாகப் பிரட்டினால் போதும். மேல்நாட்டுப் பாக்கெட்டுகளில் 'நைட்ரைட் சேர்க்கவில்லை' என்று போட்டுவிட்டு செலரிப் பொடி சேர்த்திருப்பார்கள். அதிலிருந்தும் வருவது அதே நைட்ரைட்தான், கூடுதல் விலைக்கு.

நக்கெட்ஸ் பாக்கெட்டுகள் பலவற்றில் 250 இருக்காது. அந்த வகையில் அது சாசேஜைவிடப் பரவாயில்லை. ஆனால் உப்பு? 100 கிராமுக்கு சோடியம் 800 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அதை இரண்டரையால் பெருக்கு. 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே நாள் முழுக்க 5 கிராமுக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீட்டு சாம்பார், ஊறுகாய், அப்பளம் கணக்கு தனி. என்னைக் கேட்டால், பிரஷர் உள்ள நம் அப்பா மாதிரி ஆட்களுக்கு நைட்ரைட்டைவிட இந்த உப்புதான் பெரிய கவலை. கருவாட்டை ரெண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுகிறோமே, அப்போது உப்பு கொஞ்சமாவது இறங்கும். சாசேஜில் அந்த வழியும் இல்லை.

இன்னொன்றும் பார். உள்ளே பனி கட்டியாக அப்பியிருந்தால், நக்கெட்ஸ் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கல் மாதிரி இருந்தால், எங்கேயோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். அங்கேயே வைத்துவிடு. உன் நாத்தனார் மாசமாக இருக்கிறாள் என்றாயே, அவளுக்கு ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த சலாமியை அப்படியே கொடுக்காதே. லிஸ்டீரியா என்று ஒரு கிருமி குளிரிலும் வளரும், வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது. ஆவி பறக்கச் சூடாக்கித்தான் தர வேண்டும். தராமலே இருந்தால் இன்னும் நல்லது.

அஜினோமோட்டோவுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். 621 என்று போட்டிருக்கும். 1908-ல் ஜப்பானில் கிகுனே இகேடா என்ற பேராசிரியர் கடற்பாசியில் கண்டுபிடித்த சுவை. தக்காளியிலும் சீஸிலும் இயற்கையாகவே இருக்கிற அதே குளூட்டமேட். ஒரு சிலருக்கு அதிகம் போனால் தலைவலி மாதிரி வரலாம், அவர்கள் தவிர்க்கட்டும். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு வேண்டாம். மற்றபடி அதில் சோடியம் சாதா உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அது இருக்கிற பாக்கெட்டுகளில் பெரும்பாலும் மைதா, எண்ணெய், உப்பு மூன்றும் கூடவே இருக்கும். அவற்றைத் திட்டு.

கலர் விஷயத்தில் உன் பயம் நியாயம்தான். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தார்களே, அதில் ரோடமின்-பி என்கிற துணிச்சாயம் இருந்ததால்தான். அடுத்த மாதம் கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் போடக் கூடாது என்றார்கள், ஜூனில் கபாபுக்கும் சேர்த்தார்கள். பாக்கெட்டில் 102, 110, 122, 124 என்று எண் போட்டு வருகிறவை அனுமதிக்கப்பட்ட நிறங்கள், அளவுக்கு உட்பட்டு. இந்த நான்கில் எது இருந்தாலும், குழந்தைகளின் துறுதுறுப்பையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று ஐரோப்பாவில் 2010-லிருந்து லேபிளில் எச்சரிக்கை போட வேண்டும். நம் லேபிளில் அந்த வரி கிடையாது, அதனால் எண்களை நீதான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். தள்ளுவண்டிச் சிக்கனில் எண்ணும் இல்லை, அளவும் இல்லை. விரலில் ஒட்டிய சிவப்பு சோப்பு போட்டும் போகவில்லை என்றால் அந்தக் கடைக்கு இனிப் போகாதே.

வீட்டில் அந்த நிறம் வேண்டுமா? காஷ்மீரி மிளகாயை விதை எடுத்து, வெந்நீரில் அரை மணி ஊறவைத்து மையாக அரை. அதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுக் கலக்கி, தயிரோடு கோழியில் பிசறு. மிளகாயின் நிறம் எண்ணெயில்தான் இறங்கும், அதனால் எண்ணெயை விடாதே. பீட்ரூட் சாறு ஊற்றச் சொல்வார்கள். பொரித்தால் அது பழுப்பாகிவிடும்.

டிபன் பாக்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய். எலும்பில்லாத கோழி அரைக் கிலோவை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டு, கூழாக்கிவிடாதே. வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்று, இஞ்சி பூண்டு, மிளகுத்தூள், உப்பு, நனைத்துப் பிழிந்த ரெண்டு பிரெட் சேர்த்துப் பிசைந்து கட்லெட்டாகத் தட்டு. முட்டையில் தோய்த்து பிரெட் தூளில் புரட்டி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீஸரில் வை. கல்லாக இறுகிய பிறகு டப்பாவுக்கு மாற்றி, தேதி எழுதி ஒட்டு. ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடு. காலையில் உருகவிடாமல் அப்படியே மிதமான சூட்டில் போட்டு, உள்ளே வேகும் வரை பொறுமையாகப் பொரி. ஒன்றைப் பிட்டு நடுவில் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

கடைச் சாசேஜை ஒரேயடியாக நிறுத்து என்று நான் சொல்லவில்லை. நிறுத்தினால் உன் பையன் நண்பன் வீட்டில் தின்பான். மாதம் ஒரு நாள், அதுவும் லீவு நாளில் என்று வைத்துக்கொள். சாஸ் இல்லாமல் கட்லெட் இறங்காது என்று அடம்பிடிப்பான்தான். அந்த பாட்டிலையும் திருப்பிப் பார். தக்காளிக்கு அடுத்து சர்க்கரை, கடைசியில் 211 என்று சோடியம் பென்சோயேட். தட்டில் ஒரு ஸ்பூன் ஊற்றிவிட்டு பாட்டிலை மேல் அலமாரியில் வை.