தையற் போட்டியும் நேயர் தீர்ப்பும்

தொலைக்காட்சியில் ஒரு போட்டியைப் பார்க்கத் தொடங்கினால் நாம் எல்லோரும் நடுவர்களாகிவிடுகிறோம். பாட்டுப் போட்டி என்றால் சுருதி விலகியதைக் காது கண்டுபிடித்துவிடும். தையற் போட்டி அப்படியல்ல. உடையின் வெளிப்புறம்தான் திரையில் அதிகம் தெரிகிறது. தைத்தவரின் திறமையில் பெரும்பகுதி உட்புறத்தில் இருக்கிறது. அப்படியானால் தையற் போட்டி பற்றி நேயர்கள் சொல்லும் கருத்துகளுக்கு எவ்வளவு பெறுமதி உண்டு? இந்தக் கேள்வியை ஒரு புகழ்பெற்ற நிகழ்ச்சியை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்ச்சி

பிரித்தானியாவின் பி.பி.சி. தொலைக்காட்சி 2013 ஏப்ரலில் 'தி கிரேட் பிரிட்டிஷ் சோயிங் பீ' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. பலர் ஒன்றுகூடி ஒரு வேலையைச் செய்வதற்கு ஆங்கிலத்தில் 'பீ' என்றொரு பழைய பெயர் உண்டு. தையலைத் தொழிலாகச் செய்யாமல் வீட்டில் விருப்பத்துக்காகத் தைப்பவர்களே இதில் போட்டியிடுகிறார்கள். முதற் பருவத்தில் 8 பேர் கலந்துகொண்டனர். வெற்றி பெற்றவர் 81 வயதுடைய ஆன் ரௌலி. 2023ஆம் ஆண்டு வெற்றி பெற்ற அஸ்மா அல் அல்லாக், மார்பக நோய்களுக்கான சத்திரசிகிச்சை நிபுணர்.

தொடக்கம் முதல் நடுவராக இருப்பவர் பட்ரிக் கிராண்ட். ஆண்களின் உடைகளுக்குப் பெயர்போன லண்டன் சாவில் ரோ வீதியிலுள்ள பழைய தையல் நிறுவனமொன்றை வாங்கி நடத்தியவர். 2016 முதல் அவருடன் இருக்கும் எஸ்மி யங், லண்டனிலுள்ள சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் கற்பித்தவர்.

ஒவ்வொரு வாரமும் மூன்று சுற்றுகள் நடக்கும். முதலாவதில் எல்லோருக்கும் ஒரே பட்டர்ன் தரப்படும். அதன்படி வெட்டித் தைக்க வேண்டும். இரண்டாவதில் பழைய உடைகளையோ வேறு துணிப் பொருட்களையோ குறுகிய நேரத்தில் புதிய உடையாக மாற்ற வேண்டும். மூன்றாவதில் ஒருவரின் அளவுக்கு உடை தைத்து, அவருக்கே உடுத்திக் காட்ட வேண்டும். முடிவில் அந்த வாரத்தின் சிறந்த உடை தெரிவாகும், ஒருவர் வெளியேறுவார்.

நேயர்கள் என்ன சொல்கிறார்கள்?

லண்டனில் வசிக்கும் என் சாச்சி சென்ற விடுமுறைக்கு வந்தபோது, பதிவுசெய்து வைத்திருந்த சில நிகழ்ச்சிகளைத் தன் மடிக்கணினியில் எங்களுக்குக் காட்டினார். சாச்சிக்குத் தைக்கத் தெரியாது. ஆனால் எல்லாப் பருவங்களையும் பார்த்தவர். என் உம்மா வீட்டில் கால் மெஷினில் ஊராருக்குத் தைத்துக் கொடுப்பவர். இந்த நிகழ்ச்சியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். இருவரும் சொன்ன கருத்துகளை நான் குறித்துக்கொண்டேன். சாச்சியின் லண்டன் நண்பிகளும் இவற்றையே பேசிக்கொள்வார்களாம்.

முதலாவது, நேரம் பற்றியது. "இவ்வளவு அவசரப்படுத்தினா யாரால ஒழுங்காத் தைக்க ஏலும்?" என்பது உம்மாவின் குறை. நேரக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் போட்டியே இல்லை என்றார் சாச்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் அவசரத்தில் முதலில் கைவிடப்படுபவை எவை என்று பார்த்தால் உம்மாவின் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தையலையும் தைத்தவுடன் அயன் பண்ணுவது, முதலில் கையால் ஓட்டுத் தையல் போட்டுப் பார்ப்பது, ஓரத்தைக் கையால் முடிப்பது ஆகியவையே அவை. ஓர் உடை நீண்ட காலம் உழைப்பதும் அழகாக விழுவதும் இவற்றில்தான் தங்கியுள்ளன.

இரண்டாவது கருத்து, உடைமாற்றுச் சுற்றுப் பற்றியது. அது வெறும் வேடிக்கை, தையலே அல்ல என்று சொல்லும் நேயர்கள் இருக்கிறார்கள். சாச்சியும் அதைச் சொன்னார். இங்கே உம்மா மறுத்தார். ராத்தாவின் கவுணை எனக்கும், எனக்குச் சிறுத்ததைத் தங்கைக்கும் மாற்றித் தைத்தவர் அவர். வெட்டிய துணியை மீண்டும் வெட்டுவது புதுத் துணியை வெட்டுவதைவிடக் கடினம் என்றார். பழைய தையலும் பழைய மடிப்பும் இருக்கும் இடத்தைக் கணித்துக்கொண்டுதான் கத்தரிக்கோல் வைக்க வேண்டுமாம்.

மூன்றாவது, வெளியேற்றம் பற்றியது. பல வாரம் நன்றாகத் தைத்தவர் ஒரு வாரம் தவறினால் வெளியேற வேண்டிவரும். இது அநீதி என்பது சாச்சியின் கவலை. எனக்கும் அப்படியே தோன்றியது. பிறகு யோசித்தபோது, அந்த அநீதியை நாங்கள் எல்லோருக்காகவும் உணரவில்லை என்பது புரிந்தது. எங்களுக்குப் பிடித்தவர் போனபோதுதான் கோபம் வந்தது. சிரித்த முகத்துக்கும் நகைச்சுவைப் பேச்சுக்கும் எங்களை அறியாமலே புள்ளி போட்டிருந்தோம்.

உம்மா பார்த்த இடம்

இவற்றைவிட என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. ஓரிடத்தில் ஒருவர் தைத்த மெல்லிய துணிச் சட்டையை நானும் சாச்சியும் மிகவும் அழகு என்றோம். உம்மா மடிக்கணினியை நிறுத்தச் சொன்னார். "கையைப் பாருங்க" என்றார். தோளுக்குக் கீழே கை பொருந்தும் இடத்தில் சிறு சுருக்கங்கள் இருந்தன. அதன் பிறகே காரணத்தை விளக்கினார். சட்டைக் கையின் மேல் வளைவு, அது பொருந்தவேண்டிய கைத்துளையின் சுற்றளவைவிடச் சற்று நீளமாக வெட்டப்படும். தோளின் உருண்டைக்கு இடம் வேண்டும் அல்லவா? அந்த மேலதிக நீளத்தை மடிப்பு விழாமல் அடக்கித் தைப்பதுதான் கெட்டித்தனம்.

அதே உடையில் நாங்கள் கவனிக்காத நல்ல வேலையும் இருந்தது. நடுவர் உடையைப் புரட்டியபோது, உட்புறத்தில் துணியின் வெட்டு ஓரம் எங்கும் தெரியவில்லை. இதற்குப் பிரெஞ்சுத் தையல் என்று பெயர். முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்க ஒரு தையல் போட வேண்டும். ஓரத்தை ஒட்ட வெட்டி, துணியைத் திருப்பி, அந்த ஓரம் உள்ளே அடங்கும்படி இரண்டாவது தையல் போட வேண்டும். ஒரே இடத்தை இருமுறை தைப்பதால் நேரமும் கூடுதலாகும். வெளியே பார்ப்பவருக்கு அது சாதாரணக் கோடாகவே தெரியும்.

சாச்சி சொன்னது ரசிகையின் கருத்து. உம்மா சொன்னது காரணத்தோடு கூடிய கருத்து. தைக்கத் தெரியாதவர் கருத்துச் சொல்லக் கூடாது என்பதல்ல. உடை உடுப்பவருக்கும் அதைப் பற்றிச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் "பிடித்தது" என்பதையும் "நன்றாகத் தைக்கப்பட்டது" என்பதையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

திரைக்கு வெளியே

இது தொலைக்காட்சிக்கு மட்டும் உரிய விடயமல்ல. திரையில் தவறான தீர்ப்புச் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. வீட்டு வாசலில் சொன்னால் ஒருவரின் கூலி குறைகிறது. பெருநாள் காலத்தில் உம்மாவிடம் வருபவர்களில் சிலர் கவுணை விரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு? 200 ரூபாய் குறைங்களேன்" என்பார்கள். உழைத்தவருக்குரிய கூலியைக் குறைவின்றியும் தாமதமின்றியும் கொடுக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. குறைத்துக் கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். உள்ளே என்ன வேலை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எனக்கும் தெரிந்திருக்கவில்லை. சென்ற பெருநாளுக்கு உம்மா தைத்துத் தருவதாகச் சொன்ன அபாயா வேண்டாம், கடை அபாயாதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். அந்த நிகழ்ச்சியைப் பார்த்த இரவு அதைப் புரட்டிப் பார்த்தேன். பக்கத் தையலின் ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. உம்மா முன்பு தைத்துத் தந்த அபாயாவையும் புரட்டினேன். நான்கு வருடம் உடுத்தும் ஒரு நூல்கூட விலகவில்லை. அன்றிரவு உம்மாவிடம் ஒன்றும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேயருக்கு மூன்று கேள்விகள்

ஆகவே தையற் போட்டியைப் பார்க்கும்போதும், தைத்த உடையொன்றைக் கையில் வாங்கும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது என நினைக்கிறேன். நான் மதிப்பிடுவது உடையையா, தைத்தவரையா? எனக்குப் பிடித்த நிறத்தையும் பாணியையும் ஒதுக்கிவிட்டால் இந்த வேலையில் எது மிஞ்சுகிறது? இதன் உட்புறத்தை நான் பார்த்தேனா?

சில நாட்களுக்குப் பின் ஒரு மாமி கவுண் எடுக்க வந்து வழமைபோல விலை பேசினார். நான் கவுணைப் புரட்டி, இரட்டைத் தையலைக் காட்டி, அது எப்படிப் போடப்படுகிறது என்று சொன்னேன். மாமி விரலால் தடவிப் பார்த்தார். பிறகு விலை பற்றிப் பேசவில்லை. அவர் போனதும் உம்மா எனக்கு ஏசினார். "வந்தவங்களுக்கு முன்னால உடுப்பப் புரட்டிக் காட்டுறதா?" என்றார். ஆனால் அடுத்து வந்தவருக்குக் கொடுத்த உடுப்பை அவரே உட்புறம் வெளியே தெரிய மடித்து வைத்திருந்தார்.