மலைத் தோட்டங்களில் சிறு நாய்களுக்குப் பனிக்காலப் பராமரிப்பு

நீலகிரியில் ஐப்பசி, கார்த்திகையில் நீர்ப்பனி விழத் தொடங்கும். மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் அது உறைபனியாக மாறிவிடும். மார்கழி, தை மாதங்களில் ஊட்டி, தலைகுந்தா வட்டாரப் பள்ளங்களில் சில இரவுகளில் வெப்பநிலை பூஜ்யம் டிகிரி வரை இறங்குவதுண்டு. கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கமும் குளிருக்குக் குறைவில்லை. இந்த நாட்களில் தேயிலை நாற்றைத் தழை போட்டு மூடுவதற்கும், காய்கறிப் பயிருக்கு விடியற்காலையில் தண்ணீர் தெளிப்பதற்கும் விவசாயிகள் தவறுவதில்லை. ஆனால் தோட்டத்துக் குடிசை வாசலில் கட்டிக் கிடக்கும் நாயைப் பற்றி நினைப்பவர்கள் குறைவு. ‘நாய்க்கு என்ன, உடம்பெல்லாம் முடி இருக்கிறதே’ என்பதுதான் பொதுவான எண்ணம்.

சிறு விவசாயிகள் வீட்டில் இருப்பது பெரும்பாலும் சிறிய நாய். நாட்டு நாயும் சடை நாயும் கலந்த குட்டைச் சாதி. வீட்டில் மிஞ்சும் சோற்றிலேயே வளர்ந்துவிடும். பெரிய நாயைப் போல் பாய்ந்து பிடிக்காவிட்டாலும், சிறு ஓசைக்கும் விழித்துக்கொண்டு குரைக்கும். காட்டுப்பன்றி கிழங்குப் பாத்தியில் இறங்குவதையும், காட்டுப்பூனை கோழிக்கூண்டைச் சுற்றுவதையும் வீட்டில் முதலில் அறிவது அதுதான். குளிரில் விறைத்துச் சுருண்டு கிடக்கும் நாய் தலையைத் தூக்காது. அது குரைக்காத ஓர் இரவில் பன்றிக் கூட்டம் செய்யும் சேதம் எவ்வளவு என்பதை மலை விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அண்டா நிறைய வெந்நீரும் ஒரு டம்ளர் காபியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் காபிதான் முதலில் ஆறும். நாய்களிலும் அப்படித்தான். உடல் சிறுக்கச் சிறுக்க, எடையைப் பார்க்கத் தோலின் பரப்பு அதிகம். அந்தப் பரப்பின் வழியாகச் சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும். போதாததற்குக் குட்டைக் கால் நாயின் வயிறு தரைக்கு அருகில் இருப்பதால், பனிப்புல்லில் பத்தடி நடந்தாலே அடிவயிறு நனைந்துவிடும். அங்கே முடியும் குறைவு. ஆகவே பெரிய நாய் தாங்குகிற குளிரைச் சிறிய நாயும் தாங்கும் என்று விட்டுவிடக் கூடாது. வயதான நாய், மெலிந்த நாய், சொறி பிடித்து முடி கொட்டிய நாய், ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற ஒட்ட முடி கொண்ட சமவெளி நாய் ஆகியவற்றுக்கும் இந்தக் கவனம் தேவை.

படுக்கும் இடம்

நாயைக் கெடுப்பது வெறும் குளிர் அல்ல. ஈரமும் காற்றும் அதனோடு சேரும்போதுதான் ஆபத்து. முதுகும் வயிறும் காய்ந்து, வயிறும் நிறைந்திருக்கும் நாய் நல்ல குளிரையும் பொறுத்துக்கொள்ளும். நனைந்த நாய்க்குச் சாதாரண வாடைக்காற்றே போதும், நடுக்கம் எடுத்துவிடும்.

உறைபனி எங்கே முதலில் விழும் என்பது மலை விவசாயிக்குத் தெரியும். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் கீழ்ப்பாத்தி கருகி, மேல்பாத்தி தப்பிக்கிறது. நாயின் கூட்டையும் இதே கணக்கில் வைக்க வேண்டும். ஓடையோரத்துப் பள்ளத்தில் வைக்காமல், சற்று மேடான சரிவில், வீட்டுச் சுவரை ஒட்டி வைப்பது நல்லது. திறந்த வானத்தின் கீழ் நிலம் தன் சூட்டை வேகமாக இழக்கும். மேலே ஒரு கூரை இருந்தால் அந்த இழப்பு வெகுவாகக் குறையும். பெரிய மரத்தின் அடியில் பனி குறைவாக இருப்பதும் இதனால்தான்.

வாடை வடக்கிலிருந்து வீசும். எனவே கூட்டின் வாசல் தெற்கையோ தென்கிழக்கையோ பார்த்து இருக்கட்டும். மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் காலை வெயிலும் உள்ளே விழும். கூடு பெரியதாக இருக்க வேண்டும் என்று நினைப்பது தவறு. நாய் தன் உடல் சூட்டினால்தான் கூட்டைச் சூடாக்க வேண்டும். உள்ளே நுழைந்து, ஒருமுறை சுற்றித் திரும்பி, சுருண்டு படுக்க இடம் இருந்தால் போதும். பழைய பலகைப் பெட்டி, காய்கறி ஏற்றும் மரப்பெட்டி, உடைந்துபோன பெரிய மண் தொட்டி எதுவும் உதவும். மண் தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, உருளாமல் இரண்டு பக்கமும் கல் வைத்து, பின்புறம் மண் அணைத்துவிட்டால் செலவில்லாத கூடு. வாசலில் ஒரு பழைய கோணியைப் பாதி மறைக்கும்படி தொங்கவிடலாம். தகர டிரம் மட்டும் வேண்டாம். தகரம் இரவில் சில்லென்று ஆகி, நாய் விடும் மூச்சுக்காற்றின் ஈரம் அதன் உட்புறம் வியர்த்துச் சொட்டும். வேறு வழி இல்லையென்றால் தகரத்தின் மேல் கனமாகப் புல் வேய வேண்டும்.

தரையிலிருந்து கூட்டை நான்கு விரற்கடை உயர்த்திச் செங்கல் மேல் வைக்க வேண்டும். மண்ணில் இருந்து ஏறும் ஈரமே சிறு நாய்க்குப் பெரும் பகை.

படுக்கைக்குக் கோணி, பழைய கம்பளி போடுவது வழக்கம். இவை காய்ந்திருக்கும் வரை நல்லவை. பனியில் நனைந்த நாய் வந்து படுத்ததும் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும்; மறுநாள் வெயில் வரும் வரை விடாது. வைக்கோலோ உலர்ந்த புல்லோ அப்படி இல்லை. ஈரம் கீழே இறங்கிவிடும். தாளுக்குத் தாள் இடையே காற்று அடைபட்டு நிற்பதால் சூடும் வெளியேறாது. அரை அடி உயரத்துக்கு வைக்கோல் போட்டால் நாய் அதற்குள் புகுந்து குழி செய்துகொண்டு படுக்கும். வாரம் ஒருமுறை வெயிலில் உதறி, நசுங்கியதை மாற்ற வேண்டும். உமி வேண்டாம், கண்ணிலும் மூக்கிலும் ஏறும். பூச்சிமருந்து, உரம் வந்த பைகளை எந்தக் காரணத்தைக் கொண்டும் படுக்கையாக்கக் கூடாது.

குளிர் தாங்காமல் நாய்கள் அடுப்புச் சாம்பலிலும், வேன், டிராக்டர் எஞ்சினுக்கு அடியிலும் போய்ப் படுக்கும். விடியற்காலையில் காய்கறி ஏற்றிப் புறப்படும் வண்டிக்காரர்கள் சக்கரத்தடியில் ஒருமுறை பார்த்துவிட்டு எஞ்சினைத் தட்டினால் நல்லது. அடைத்த அறையில் கரி அடுப்பு வைத்து நாய்க்கும் ஆளுக்கும் சேர்த்துச் சூடு ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. மணமில்லாத கரிவாயு தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

இரவில் நாயைத் திறந்த வெளியில் சங்கிலியில் கட்டுவது மலையில் இரண்டு வகையில் கேடு. கட்டிய நாயால் காற்றுக்கு ஒதுங்க முடியாது, நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளவும் முடியாது. சிறுத்தை வந்தால் தப்பவும் முடியாது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டு வாசல் வரை வந்து சிறுத்தை நாயைத் தூக்கிச் செல்வது புதிதல்ல. கதவுள்ள திண்ணை, ஆட்டுப்பட்டி, விறகுக் கொட்டகை எதிலாவது அடைத்துவிட்டால் அங்கிருந்தே குரைக்கும். காவலுக்கு அந்தக் குரைப்பே போதும்.

நடமாட்டமும் தீனியும்

குளிருக்குப் பயந்து நாயை நாள் முழுவதும் கூட்டிலேயே அடைப்பதும் சரியல்ல. தசை வேலை செய்தால்தான் உடலில் சூடு பிறக்கும். படுத்தே கிடக்கும் நாய்க்கு மூட்டு இறுகும், பசி மந்தமாகும். வெயில் ஏறிப் புல்லில் பனி காய்ந்தபின் ஆட்டுடனோ, களை எடுக்கப் போகிறவர்களுடனோ அவிழ்த்து விடலாம். நீண்ட நேரம் ஒரே மூச்சில் அலைவதைவிட, காலையில் ஒரு முறையும் மாலை 4 மணிக்குள் ஒரு முறையுமாக அரை மணி நேரம் ஓடியாடினால் சிறு நாய்க்குப் போதுமானது. கிழ நாய்க்கு இதில் பாதி. வேலை முடிந்து பாத்தி ஓரத்தில் ஆட்கள் உட்காரும்போது, நாயை ஈர மண்ணில் உட்கார வைக்காமல் ஒரு காய்ந்த சாக்கின் மேல் விட வேண்டும். திரும்பி வந்ததும் வயிறு, கால் இடுக்கு, விரல் சந்துகளைப் பழைய துணியால் துடைத்துவிட இரண்டு நிமிடம் ஆகும். பனிக்காலப் பராமரிப்பில் இவ்வளவு சிறிய வேலைக்கு இவ்வளவு பலன் வேறு எதிலும் இல்லை.

சடை நாயின் முடியைக் குளிர்காலம் முடியும் வரை கத்தரிக்கக் கூடாது. ஆனால் சிக்கு விழாமல் சீப்பால் வார வேண்டும். சிக்கு விழுந்த முடியில் காற்று தங்காது, ஈரம்தான் தங்கும். குளிப்பாட்டுவது அவசியமானால் நடுப்பகல் வெயிலில் வெந்நீரில் குளிப்பாட்டி, முழுவதும் காய்ந்தபின் விடலாம். சொறிக்குப் பழைய எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய் பூசும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இவை தோலைப் புண்ணாக்கும். நாய் நக்கினால் உள்ளே போய் விஷமாகும். சொறிக்கு மாத்திரையும் ஊசியும் இன்று கால்நடை மருத்துவரிடம் உண்டு.

வெளியில் காவல் இருக்கும் நாய்க்குப் பனிக்காலத்தில் வழக்கமான தீனியோடு கால் பங்கு சேர்த்துக் கொடுக்கலாம். அதில் பெரும்பங்கை மாலையில் கொடுத்தால் இரவெல்லாம் உடல் சூட்டுக்கு உதவும். கேழ்வரகுக் களி, சோறு இவற்றோடு முட்டை, வேகவைத்த இறைச்சிக் கழிவு, சிறிது கொழுப்பு சேர்வது நல்லது. வெங்காயம் கலந்த குழம்பு நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கும் மக்காச்சோளமும் ஈரலைத் தாக்கி உயிரை வாங்கும். மாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கியதை நாய்க்குப் போடுவது பெரிய தவறு. தண்ணீர்ச் சட்டியில் காலையில் பனிக்கட்டி ஏடு படிந்திருந்தால் கொட்டிவிட்டு வெதுவெதுப்பான நீர் வைக்க வேண்டும்.

நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 99க்குக் கீழே போனால் ஆபத்து. வெப்பமானி இல்லாதவர்கள் குறிகளைக் கொண்டே அறியலாம். நடுக்கம், முதுகைக் கூனுவது, காலை மாற்றி மாற்றித் தூக்குவது முதல் குறிகள். நடுக்கம் நின்று, ஈறு வெளுத்து, கூப்பிட்டால் எழாமல் கிடந்தால் நாய் தேறிவிட்டது என்று எண்ணக் கூடாது. நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். உடனே உடம்பைத் துடைத்து, கம்பளியில் சுற்றி, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணி சுற்றி மார்பு, வயிற்றுப் பக்கம் அணைத்து வைக்க வேண்டும். கால்களைத் தேய்ப்பதும் நெருப்பருகே போடுவதும் கூடாது. பிறகு மருத்துவரிடம் கொண்டு போகலாம்.

மார்கழிக் குட்டிகள்

நாட்டுப் பெட்டை நாய்கள் பெரும்பாலும் ஆவணி முதல் ஐப்பசிக்குள் இணைசேரும். சினைக்காலம் சுமார் 63 நாள். ஆகவே குட்டிகள் சரியாகக் கடுங்குளிரில் வந்து விழுகின்றன. பிறந்த குட்டிக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கும் சக்தி கிடையாது. தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். அதுவரை தாயின் வயிறும் உடன்பிறந்த குட்டிகளுமே அதற்கு அடுப்பு.

ஈன்ற நாயை வீட்டுக்குள்ளோ சமையலறைச் சுவரை ஒட்டியோ கொண்டுவந்துவிட வேண்டும். வைக்கோலை அடியில் போட்டு, குட்டிகள் புதைந்துவிடாதபடி மேலே காய்ந்த பருத்தித் துணி விரிக்க வேண்டும். கோழிக்குஞ்சுக்குப் போடுவது போல் 40 வாட் குண்டு பல்பை இரண்டடி உயரத்தில், பெட்டியின் ஒரு மூலைக்கு மட்டும் தொங்கவிடலாம். சூடு அதிகமானால் குட்டிகள் மறுமூலைக்கு நகர இடம் இருக்க வேண்டும். இப்போது வரும் எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிர, குட்டிக்கு வேண்டிய சூடு தராது.

ஒரு குட்டியை மட்டும் தாய் மூக்கால் தள்ளி ஒதுக்கினால், ‘அது பிழைக்காது, தாய்க்குத் தெரியும்’ என்று விட்டுவிடுகிறார்கள். பல நேரங்களில் குட்டி சில்லிட்டுப் போனதுதான் காரணம். அதை எடுத்து, சட்டைக்குள் மார்போடு அணைத்து மெல்லச் சூடேற்றிக் கொண்டுவந்து விட்டால் தாய் மறுபடியும் சேர்த்துக்கொள்வதுண்டு. சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டவே கூடாது. குடல் வேலை செய்யாது. பால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். சூடு வந்தபின்தான் பால். தாயில்லாக் குட்டிக்கு மாட்டுப்பால் மட்டும் போதாது, நாய்ப்பால் அதைவிடக் கெட்டி. முட்டை மஞ்சள் கரு சேர்த்து வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம்.

இரண்டு வாரம் ஆனதும் குடற்புழு மருந்து தொடங்கி, மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். வயிறு உப்பி, முதுகெலும்பு தெரியும் குட்டி தின்பதெல்லாம் புழுவுக்கே போகிறது. அதற்குக் குளிர் தாங்காது. மார்கழி முதல் வாரத்தில் பிறந்த குட்டிக்குத் தை நடுவில் ஆறு வாரம் நிறையும். அப்போது இரத்தக் கழிச்சல் உண்டாக்கும் பார்வோ நோய்க்கும் டிஸ்டம்பர் நோய்க்கும் முதல் தடுப்பூசி போட்டு, பின்னர் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை நான்கு மாத வயது வரை தொடர வேண்டும். மாசிக் கடைசியில் மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி. கால்நடை மருந்தகம் தொலைவில் இருந்தால், குட்டியை வைக்கோல் போட்ட கூடையில் வைத்துத் துணி மூடி, வெயில் ஏறியபின் புறப்படுகிற பஸ்ஸில் கொண்டு போகலாம்.