வீட்டு ஷெட்டுல ஒரு எம்ஜிபி: கன்னைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு பாடம்



போன லீவுல அப்பாவோட பழைய ஸ்கூட்டர் பக்க மூடிக்கு நானே பெயின்ட் அடிச்சேன். ஒரு ஸ்ப்ரே கேன், மொட்டை மாடி, பத்து நிமிஷம். முடிச்சுட்டு பார்த்தா, பளபளன்னு இருந்த சிவப்பு மேல குட்டிக் குட்டியா வட்டக் குழிகள், அம்மைத் தழும்பு மாதிரி. மறுபடி அடிச்சேன். குழியும் மறுபடி வந்துச்சு. அப்பா பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "அடிக்கறதுக்கு முன்னாடி தொடைச்சியா?"

தொடைச்சேன். முந்தின வாரம் பாலிஷ் போட்ட அதே துணியால.

அந்தக் கடுப்புலதான் கார் பெயின்டிங் பத்தித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். சின்ன மூடியிலேயே இப்படின்னா, முழு ஸ்போர்ட்ஸ் காரை வீட்டு ஷெட்டுல வெச்சு அடிக்கிறவங்க என்னதான் பண்றாங்க? படிச்சதுல புரிஞ்சதை இங்கே பாடமா எழுதறேன்.

நம்ம உதாரண வண்டி

எம்ஜிபி. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார். 5 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். உதிரி பாகங்கள் இன்னைக்கும் கிடைக்கும், அமைப்பும் எளிமை. அதனால பிரிட்டன்ல வீட்டிலேயே பழைய வண்டியைச் சீர் செய்ய ஆரம்பிக்கிற பலருக்கு இதுதான் முதல் வண்டி.

முதல்ல ஒரு கணக்கு

பெயின்ட் எவ்ளோ தடிமன்? கலர் கோட் சுமார் 15–25 மைக்ரான். அதுக்கு மேல கிளியர் கோட் 40–60 மைக்ரான். நம்ம தலைமுடியே ஏறத்தாழ 70 மைக்ரான். அதாவது, நாம ஆசைப்பட்டு வாங்கற அந்தக் கலர் ஒரு முடியில பாதி கூட இல்லை.

இப்போ உப்புத்தாளைப் பாருங்க. 80 நம்பர் தாளில் ஒரு துகளின் சராசரி அளவு சுமார் 200 மைக்ரான். 180 நம்பர்ல 82. 400 நம்பர்ல 35. துகள் முழுசா உள்ளே இறங்காது, ஒரு பகுதிதான் கீறும். ஆனாலும் 80 நம்பர் போட்ட கோட்டை 20 மைக்ரான் கலர் மறைக்குமா? மறைக்காது. அடிச்ச அன்னைக்கு மறைஞ்ச மாதிரி இருக்கும். கரைப்பான் முழுசா ஆவியாக ஆக, படலம் சுருங்கி கோட்டுக்குள்ள இறங்கும். ரெண்டு மாசம் கழிச்சு வெயில்ல பார்த்தா எல்லாக் கோடும் எட்டிப் பார்க்கும்.

பெயின்ட் எதையும் மறைக்காது. அடியில இருக்கறதைப் பளபளப்பாக்கிக் காட்டும். இது மனசுல நின்னா மீதிப் பாடம் சுலபம்.

படி 1: துரு

எம்ஜிபிக்குத் தனிச் சட்டம் கிடையாது, அது மோனோகாக். கதவுக்குக் கீழே நீளமா ஓடுற சில் பகுதிதான் முன்பாதியையும் பின்பாதியையும் இணைத்துச் சுமை தாங்குது. அது உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியில ஒரு சின்னக் கொப்புளம் தெரிஞ்சா உள்ளே நிறைய போயிருக்கலாம்.

ஸ்க்ரூ டிரைவர் முனையால குத்திப் பாருங்க. உள்ளே போச்சுன்னா அங்கே பட்டி பூசக் கூடாது. வெட்டி எடுத்துட்டுப் புது தகடு வெல்டு பண்ணணும். துரு மேல பட்டி போட்டு அழகா பெயின்ட் அடிச்ச வண்டியை விட, துரு வெளியே தெரியற வண்டி பாதுகாப்பானது. குறைந்தபட்சம் அது பொய் சொல்லலை.

இன்னொரு விஷயம்: தொடக்க கால எம்ஜிபிகளில் பானெட் மட்டும் அலுமினியம், மத்ததெல்லாம் ஸ்டீல். காந்தம் வெச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும். சாதா பிரைமர் வெறும் அலுமினியத்தைச் சரியாகப் பிடிக்காது. எபாக்ஸி பிரைமரோ எட்ச் பிரைமரோ வேணும்.

படி 2: சுத்தம் (என் ஸ்கூட்டர் பாடம்)

என் மூடியில வந்த குழிக்குப் பேரு 'மீன் கண்'. பாலிஷ்ல சிலிகான் இருக்கும். சிலிகான் இருக்கிற புள்ளியில பரப்பு இழுவிசை குறைவு. திரவம் எப்பவும் இழுவிசை குறைந்த இடத்திலிருந்து அதிகமான இடத்துக்கு ஓடும். அதனால அந்தப் புள்ளியை விட்டுப் பெயின்ட் விலகி, வட்டமா குழி விழுது. முதல் வருஷ பிசிக்ஸ்தான். எக்ஸாம்ல எழுதினேன், மொட்டை மாடியில மறந்துட்டேன்.

வரிசை முக்கியம்: முதல்ல சோப்புத் தண்ணி, அப்புறம் கிரீஸ் நீக்கி, அதுக்கப்புறம்தான் தேய்ப்பு. முதல்ல தேய்ச்சா சிலிகானைக் கீறலுக்குள்ள நாமளே திணிக்கிறோம். கிரீஸ் நீக்கிக்கு ரெண்டு சுத்தமான துணி: ஒண்ணால ஈரமா தடவி, அது காயறதுக்குள்ள இன்னொண்ணால துடைச்சு எடுக்கணும். காய விட்டா அழுக்கு அங்கேயே உட்கார்ந்துடும்.

படி 3: பட்டியும் பிரைமரும்

பாலியெஸ்டர் பட்டியைத் தண்ணி ஊத்தித் தேய்க்காதீங்க. அது ஈரத்தை உறிஞ்சி வெச்சுக்கும், பின்னாடி கொப்புளமா வரும். பட்டி உலர் தேய்ப்பு, பிரைமருக்கு மேல ஈரத் தேய்ப்பு. பழைய பெயின்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு; உலர் தேய்ப்பில் தூசி மாஸ்க் கட்டாயம்.

80-ல ஆரம்பிச்சு 180, 320, கடைசியா 600. ஒரு நம்பரையும் தாவாதீங்க. ஒவ்வொரு தாளோட வேலையும் முந்தின தாள் போட்ட கோட்டை அழிக்கிறதுதான். கையால நேரா தேய்க்காம நீளமான கட்டையில சுத்தித் தேய்ங்க. விரலால தேய்ச்சா விரல் அகலத்துக்குப் பள்ளம் விழும்.

பள்ளம் இருக்கான்னு எப்படித் தெரியும்? பிரைமர் மேல கறுப்பு ஸ்ப்ரேயை மெல்லிசா தூவி விட்டு, கட்டையால தேய்ங்க. மேடான இடத்துல கறுப்பு போயிடும், பள்ளத்துல நிக்கும். இதுக்குப் பேரு கைடு கோட். செலவு ஒரு கேன். மெட்ராலஜி லேப்ல சொல்லித் தர்ற அதே விஷயம்.

படி 4: அடிக்கிற நாள்

கன்னைப் பரப்புக்குச் செங்குத்தா, 15–20 செ.மீ. தூரத்துல பிடிக்கணும். மணிக்கட்டை வளைச்சு விசிறி வீசற மாதிரி வீசினா நடுவுல கெட்டியா, ஓரத்துல மெலிசா விழும். முழுக் கையும் நகரணும். ஒவ்வொரு வீச்சும் முந்தினதைப் பாதி மூடணும். பேனல் ஓரத்துக்கு வெளியிலேயே டிரிகரை அழுத்தி, மறுபக்கம் வெளியே போய்தான் விடணும்.

ரொம்ப தூரம்னா துளி வழியிலேயே காய்ஞ்சு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகும். ரொம்பக் கிட்டன்னா ஒழுகும்.

ஈரப்பதம் இன்னொரு வில்லன். என்.சி. லேக்கர்ல தின்னர் வேகமா ஆவியாகும்போது பரப்பு குளிரும். காத்துல இருக்கிற ஈரம் அதுல படிஞ்சு, பெயின்ட் வெள்ளையா பூத்துடும். இங்கிலாந்து மழைக்காலத்துக்கு எழுதின விதி நம்ம ஐப்பசி கார்த்திகைக்கும் அப்படியே பொருந்தும்.

இது மட்டும் விளையாட்டு இல்லை

இப்போ கார்களுக்கு அடிக்கிற கிளியர் பெரும்பாலும் 2கே. அதாவது பெயின்ட் ஒரு டப்பா, ஹார்ட்னர் ஒரு டப்பா. ஹார்ட்னர்ல இருக்கிறது ஐசோசயனேட். அது பெயின்ட்ல இருக்கிற ஹைட்ராக்சில் தொகுதியோட சேர்ந்து பாலியூரித்தேன் ஆகுது. அந்தக் கடினமும் பளபளப்பும் அங்கிருந்துதான் வருது.

ஆனா அதைத் தெளிக்கும்போது வர்ற நுண்துளியைச் சுவாசிச்சா ஆஸ்துமா வரலாம். பிரிட்டனில் வேலையால வர்ற ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்கள்ல இது ஒண்ணு. உடம்பு ஒரு தடவை ஒவ்வாமைக்குப் பழகிட்டா, அப்புறம் கொஞ்சூண்டு பட்டாலே மூச்சு முட்டும். கரி ஃபில்டர் மாஸ்க்கை நம்பி இறங்க முடியாது. ஃபில்டர் தீர்ந்துபோச்சான்னு வாசனை காட்டிக் கொடுக்காது. வாசனை தெரியறதுக்குள்ள அளவு தாண்டியிருக்கும். வெளியிலிருந்து சுத்தமான காற்று குழாய் வழியா வர்ற முகமூடிதான் இதுக்குச் சரி. வீட்டு ஷெட்டுல, பக்கத்து ரூம்ல தம்பி தூங்கிட்டு இருக்கும்போது, பண்ற வேலை இல்லை இது.

தின்னர் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோட தவழ்ந்து போகும். ஒரு சுவிட்ச் பொறி போதும். இதையும் மறக்காதீங்க.

அப்போ வீட்டுல பண்ணவே முடியாதா?

முடியும். ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு, துரு, பட்டி, தேய்ப்பு எல்லாம் உங்க கையால. பிரைமர்ல ஹார்ட்னர் இருந்தா அதை ரோலரால பூசிக்கலாம். கையுறை, காத்தோட்டம் ரெண்டும் வேணும். கடைசி ஒரு நாள் மட்டும் வண்டியை டிரெய்லர்ல ஏத்தி, பூத் இருக்கிற பெயின்டர்கிட்ட கொடுத்துடலாம். நேரம் தின்னற வேலை முழுக்க நம்மளது, அதனால செலவும் நிறையக் குறையும்.

இன்னொண்ணு, ஹார்ட்னர் இல்லாத சிந்தெடிக் எனாமலைத் தின்னர்ல இளக்கி, ஃபோம் ரோலரால பல மெல்லிய கோட்டா உருட்டி, நடு நடுவுல தேய்ச்சு, கடைசியில பஃபிங். நாள் கணக்குல ஆகும். ஷோரூம் பளபளப்பு வராது. ஆனா தெளிப்பு இல்லை, நுண்துளியும் இல்லை. கதவைத் திறந்து வெச்சுட்டுச் செய்யலாம்.

எந்த வழியா இருந்தாலும் முதல் பயிற்சி வண்டி மேல வேண்டாம். காயலான் கடையில ஒரு பழைய கதவு வாங்குங்க. அது மேல எல்லாத் தப்பையும் பண்ணி முடிங்க.

என் ஸ்கூட்டர் மூடியை 320-ல மொத்தமா தேய்ச்சு எடுத்து, ரெண்டு துணி முறையில துடைச்சு, திரும்ப அடிச்சேன். தயாரிப்புக்கு ரெண்டு நாள், அடிக்க அதே பத்து நிமிஷம். குழி வரலை. அப்பா விரலால தடவிப் பார்த்துட்டு, "இன்னொரு பக்க மூடியும் இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.